பட்டை கட்டினால் கைவலி போய்விடுமா?

எங்கள் வயலின் வகுப்பில் ஆறு பேர். அதில் மூன்று பேர் கையில் பட்டை! மெடிக்கல் ஷாப்பில் ஸ்மாலா மீடியமா என்று கேட்டு, பனியன் வாங்குவது போல வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். டாக்டரைப் பார்த்தாயா என்றால், "எதுக்கு? இதைப் போட்டா வலிக்கலைல்ல" என்று பதில் வருகிறது. எனக்கு எரிச்சலே அந்த "வலிக்கலைல்ல"வில்தான்.

வலி ஏன் வந்தது? போட்டி நெருங்கியதும் ஒரு மணி நேர சாதகம் திடீரென்று நாலு மணி நேரம் ஆனதால். பட்டை அதைக் குறைத்ததா? ஐந்தாவது மணி நேரத்துக்குத் தைரியம் கொடுத்தது, அவ்வளவுதான்.

மணிக்கட்டுப் பட்டைக்குள் உள்ளங்கைப் பக்கம் ஒரு தகடு இருக்கும். மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைப்பதுதான் அதன் வேலை. கார்ப்பல் டன்னல் தொல்லை உள்ளவர்களுக்கு, தூக்கத்தில் கை மடங்கி நரம்பு நசுங்கக்கூடாது என்று ராத்திரியில் போடச் சொல்வார்கள். அதை மாட்டிக்கொண்டு வில் போட்டால்? வில்லைத் திருப்பும்போது மணிக்கட்டு வளைய வேண்டும், வளையாது. அந்த வேலையை முழங்கையும் தோளும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். கொஞ்ச நாளில் தோள்வலி. (கவலை வேண்டாம், அதற்கும் பட்டை விற்கிறார்கள்.)

டென்னிஸ் எல்போ பட்டை கதை இன்னும் மோசம். முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கைச் சதை மேல் கட்ட வேண்டியது அது. சதையின் இழுப்பு முழுசாகப் போய் எலும்பில் ஒட்டும் இடத்தைத் தாக்காமல் இருக்கத்தான். நம் ஆட்கள் வலிக்கிற எலும்பு மேலேயே இறுக்கிவிட்டு, விரல் மரத்துப் போகுதே என்று அலறுகிறார்கள்.

ஜெர்மனியின் ஷூமன் பியானோ மேடைக்குக் கனவு கண்டவர். விரல் பயிற்சிக்கு ஒரு கருவியை மாட்டிப் பார்த்தவர். 1830களில் வலது கை கெட்டுப்போய் மேடைக் கனவை விட்டார். கருவிதான் காரணமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் கையில் எதையாவது மாட்டுமுன் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

பட்டையே ஆகாது என்று நான் சொல்லவில்லை. எது, எங்கே, எத்தனை நாள் என்று பிஸியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னால் போடுங்கள். ஆனால் "வலிச்சாத்தான் கை பழகும்" என்கிற பெரியவர்களை என்ன செய்வது? அவர்களுக்குப் பயந்துதானே பாதிப் பேர் வலியைப் பட்டைக்குள் ஒளிக்கிறார்கள்! நானும் ஆறு வாரம் ஒளித்தேன். கடைசியில் பிஸியோதெரபிஸ்டிடம் போனால், பட்டையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேட்ட முதல் கேள்வி: "வயலினை ஏன் எடுத்துட்டு வரலை? உக்காந்து வாசிக்கிறதைப் பாக்காம நான் என்ன சொல்றது?"