மீந்துபோன 18 மாத்திரைகள்

முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பெண் என் மேசைமேல் வைத்த மாத்திரை அட்டை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக நான் இருந்த கடைசி வருடங்களில் நடந்தது. தென்பெண்ணைக் கரையோரச் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்திருந்த குடும்பம். கணவனுக்கு அதே சீசனில் மூன்றாவது முறையாகக் குளிர்காய்ச்சல். மோதிர விரலில் குத்தி, ரத்தத்தை ஸ்லைடில் தடவி, ஜே.எஸ்.பி. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஊதிப்போன சிவப்பணுக்கள், அவற்றுள் உருக்குலைந்த வளையங்கள். மறுபடியும் வைவாக்ஸ் மலேரியா. எங்கள் பேச்சில் ‘பி.வி. பாசிட்டிவ்’.

போன தடவை கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று கேட்டேன். கூட வந்த சூளை மேஸ்திரி அதை அவர்களுடைய பாஷையில் சொன்னார். அவள் முடிச்சை அவிழ்த்தாள். தினம் இரண்டு வீதம் 14 நாளைக்குக் கொடுத்த 28 பிரைமாகுயினில் 18 அப்படியே இருந்தன. ஐந்தாம் நாள் ஆள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அடுத்த காய்ச்சலுக்கு ஆகட்டுமென்று மிச்சத்தை அவள் பத்திரப்படுத்தியிருக்கிறாள். எதையும் வீணாக்கி அறியாத கை அது. அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் எதற்கு மாத்திரை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான். வைவாக்ஸ் கிருமிக்கு இரண்டு வீடு. ஒன்று ரத்தம், அங்கிருப்பதை மூன்று நாள் குளோரோகுயின் அழித்துவிடும். இன்னொன்று கல்லீரல். அங்கே ஒரு பங்கு கிருமி உறங்கிக் கிடக்கும். அமெரிக்க ஆய்வாளர் குரோட்டோஸ்கி 1982-இல் இந்த உறங்கும் உருவை அடையாளம் காட்டினார். சில வாரத்திலோ பல மாதம் கழித்தோ அது விழிக்கும். புதிதாகக் கொசு கடிக்காமலே காய்ச்சல் திரும்பும். கல்லீரலில் உறங்குவதைக் கொல்லத்தான் பிரைமாகுயின். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் நாட்டில் 5 நாள்தான் கொடுத்தோம். அது கொடுக்காததற்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகே 14 நாளாக்கினார்கள். அந்தப் பெண் நிறுத்தியதும் ஐந்தாம் நாள்தான்.

வைவாக்ஸ்தானே, ஆளைக் கொல்லாது என்பது நெடுங்காலப் பேச்சு. மருத்துவப் பாடநூல்களே இதைச் சாதுவான காய்ச்சல் என்று எழுதின. ஆனால் ராஜஸ்தானின் பிகானேர் மருத்துவர்கள், வைவாக்ஸ் மட்டுமே கண்டவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததையும் மூச்சுத் திணறியதையும் மூளை பாதித்ததையும் 2005-இல் வெளியிட்டார்கள். மீண்டும் மீண்டும் வருவதால் ரத்தம் வற்றிப்போவது இன்னொரு ஆபத்து. அதில் முதலில் வாடுவது பிள்ளைகளும் கர்ப்பிணிகளும். தட்டணுக்கள் குறைந்தால் டெங்கு என்றே முடிவு கட்டிவிடுகிறோம். மலேரியாவிலும் அவை குறையும். ஸ்லைடு பார்க்காமல் எந்தக் காய்ச்சலையும் அனுப்பக் கூடாது.

புதுச்சேரியில் இப்போது மலேரியா குறைவு. அதில் எனக்குப் பெருமை உண்டு. 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் ஊரில்தான் இருக்கிறது, ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் குறைவு வேறு, இல்லை என்பது வேறு. இலங்கையில் 1963-இல் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. ஒழிந்ததென்று கையைத் தளர்த்தினார்கள்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோர் படுத்தார்கள், பெரும்பாலும் வைவாக்ஸ். பிறகு ஒவ்வொரு நோயாளியையும் வீடு வரை தேடிப்போன நாடாக அது மாறியது. 2012-க்குப் பின் சில ஆண்டுகள் உள்ளூரில் தொற்றே இல்லை. 2016-இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது.

மலேரியாவை ஒழிக்க நம் நாட்டுக்கு இலக்கு 2030. அதில் வெல்வதும் தோற்பதும் இனி பாகூர்ச் சூளைகளிலும் வில்லியனூர்ப் பக்கம் சேதராப்பட்டு தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும்தான். உழைக்க வந்தவர்கள்மேல் பழியில்லை. மூடாத தண்ணீர்த் தொட்டியும் கிணறும் நம்முடையவை; நல்ல தண்ணீரில்தான் மலேரியாக் கொசு முட்டையிடும்.

அரசிடம் நான் கேட்பது மூன்று. முதலாவது, மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். 14 நாளும் சாப்பாட்டுக்குப் பின் கண்முன்னே விழுங்கச் செய்ய ஓர் ஆள் வேண்டும். கிராம செவிலியரோ அங்கன்வாடி ஊழியரோ, அவர்கள் மேற்பார்வையில் மேஸ்திரியோ. இடையில் சொந்த ஊர் போனால் அந்த ஊர் சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். இரண்டாவது, ஜி6பிடி சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வர வேண்டும். பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். மத்திய இந்தியப் பழங்குடியினர் சிலரிடம் இக்குறை கூடுதல். மூன்றாவது, குறுகிய சிகிச்சைக்கு இப்போதே தயாராகுங்கள். அளவைக் கூட்டி 7 நாளில் முடிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றது. ஒரே வேளை மருந்தான டஃபெனோகுயினையும் 2024-இல் தென் அமெரிக்காவுக்குப் பரிந்துரைத்தது. ஜி6பிடி சோதனை இல்லாமல் அதைத் தொடவே முடியாது.

அந்தப் பெண் முடிச்சை அவிழ்த்த அன்று மாலை நானும் செவிலியரும் சூளைக்குப் போனோம். அவர்கள் குடிசைச் சுவரில் கரித்துண்டால் 14 கோடு கிழித்தோம். ஒவ்வொரு இரவும் சோறு உண்டு மாத்திரை விழுங்கியதும் ஒரு கோட்டை அடிக்கச் சொன்னோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செவிலியர் போய்ப் பார்த்தார். பதினைந்தாம் நாள் நான் போனபோது அடிபடாத கோடு ஒன்றும் இல்லை. அந்த சீசன் முடியும்வரை அவர் காய்ச்சலோடு என் மேசைக்கு வரவில்லை.