தல வரலாறு இருக்கு, ஊர் வரலாறு எங்கய்யா?

பிரான்ஸ்ல சுமார் 35,000 கம்யூன்கள் இருக்கு. நம்ம ஊராட்சி மாதிரின்னு வெச்சுக்குங்க. அதுல பாதிக்கு மேல ஐந்நூறு பேர் கூட இல்லாத குக்கிராமங்கள். அப்படி ஒரு ஊரைப் பத்தித் தேடிப் படிச்சுப் பாருங்க. எந்த ஓடை எந்தப் பக்கம் ஓடுது, 1793லேர்ந்து மக்கள்தொகை எவ்வளவு, யார் யார் மேயரா இருந்தாங்க, எல்லாம் வரிசையா இருக்கும். அங்க பெரிய போர் நடந்திருக்காது, ராஜா எவரும் பொறந்திருக்க மாட்டார். ஆனாலும் எழுதி வெச்சிருக்காங்க.

இப்ப நம்ம பக்கம் வாங்க. திருத்துறைப்பூண்டியைச் சுத்தி எந்த கிராமத்தை வேணா எடுங்க. 'எங்க ஊர்ப் பெருமை'ன்னு யாராச்சும் ஒரு பதிவு போட்டிருப்பார். மூலவர், அம்பாள், தலவிருட்சம், தீர்த்தம், போற வழி. முடிஞ்சுது! அந்த சாமி நிலத்துல சேத்துல நின்னவங்களைப் பத்தி ஒரு வரி இருக்காது.

கோவிலைப் பத்தி எழுதாதீங்கன்னு நான் சொல்லல. கோவிலை மட்டும் எழுதிட்டு அதுக்கு 'ஊர் வரலாறு'ன்னு பேர் வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

களப்பாலையே எடுத்துக்குவோம். கோட்டூர் ஒன்றியத்து கிராமம். அறுபத்துமூவர்ல ஒருத்தரான கூற்றுவ நாயனாரோட ஊர்னு சொல்றாங்க. நல்லது. அதே ஊர்ப் பேரைத் தன் பேருக்கு முன்னால சுமந்த இன்னொருத்தரும் இருந்தார், களப்பால் குப்பு. பண்ணையாட்களைத் திரட்டின தலித் தலைவர். 1948ல திருச்சி சிறையில இறந்துபோனார். நாயனாரைத் தெரிஞ்சவங்கள்ல எத்தனை பேருக்கு குப்புவைத் தெரியும்?

மன்னார்குடி பக்கம் தென்பரையும் அப்படித்தான். 1943ல அங்கதான் பி. சீனிவாசராவ் முன்னால நின்னு விவசாயிகள் சங்கம் ஆரம்பிச்சார். தென்கன்னடத்துலேர்ந்து வந்த மனுஷன். சவுக்கடியும் சாணிப்பாலும் சர்வ சாதாரணமா இருந்த காலம். அந்தப் போராட்டத்தோட சூடு தாங்காமத்தான் 1952ல தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே தனியா பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. சீனிவாசராவ் 1961ல காலமானார், நினைவிடம் திருத்துறைப்பூண்டியிலயே இருக்கு. இதெல்லாம் ஊர்ப் பெருமையில சேராதா?

பூகோளத்துலயும் இதே கதைதான். 'காவிரி பாயும் பொன்விளையும் பூமி'ன்னு ஒரு வரியோட நிறுத்திடுவோம். தண்ணி எப்படி வருதுன்னு யாராச்சும் எழுதுறோமா? மேட்டூர்ல தொறந்து, கல்லணையில பிரிஞ்சு, வெண்ணாத்துல வந்து, நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மறுபடி பிரிஞ்சு, அப்புறம் வாய்க்கால் வாய்க்காலா நம்ம வயலுக்கு வரணும். நாம கடைமடை. ஜூன் 12ல தொறந்தாலும் நம்மகிட்ட கடைசியாத்தான் வரும். மழைக்காலத்துல நேர் எதிர், மேல இருக்குற ஊர்த் தண்ணியெல்லாம் நம்ம வழியாத்தான் கடலுக்கு வடியணும். தரையோ தட்டையா கிடக்கு.

இந்த வரைபடத்துல அக்ரஹாரம் எங்க, பண்ணை வீடு எங்க, சேரி எங்கன்னு புள்ளி வெச்சுப் பாருங்க. எந்த வயலுக்கு முதல் மடை, எதுக்குக் கடைசி மடைன்னு குறிங்க. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல எந்தத் தெருவுல கூரை பறந்துச்சுன்னு குறிங்க. பாதி வரலாறு அதுலயே வந்து நிக்கும்.

கீழ்வெண்மணியை மட்டும் எல்லாருக்கும் தெரியும். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசையில 44 பேரை எரிச்சாங்க. 1973ல ஹைகோர்ட் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை பண்ணுச்சு. அப்ப ஒரு ஊர் வெளிய தெரியணும்னா ஒண்ணு பாடல் பெற்ற தலமா இருக்கணும், இல்லாட்டி 44 பேர் சாகணும். நடுவுல இருக்குற ஊரெல்லாம்?

'பழைய சண்டையை ஏன் கிளறணும்?'னு பின்னூட்டம் வரும், தெரியும். சோழர் காலத்துக் கல்வெட்டைப் படிக்கிறப்ப யாரும் பழசுன்னு சொல்றதில்லயே சாமி! ஆயிரம் வருஷத்துக்கு முந்தின நிலதானம்னா பெருமை, எழுபது வருஷத்துக்கு முந்தின கூலின்னா கிளறலா?

'ஆதாரம் இல்லயே'ம்பாங்க. நாங்க புரோகிராம் எழுதுறப்ப ஒரு கட்டம் காலியா இருந்தா அதுக்குப் பூஜ்யம்னு அர்த்தமில்ல, தகவல் இன்னும் வரலன்னு அர்த்தம். இங்க கட்டமே போடலயே! வி.ஏ.ஓ. ஆபீஸ்ல அ-பதிவேடு இருக்கு, கிராம வரைபடம் இருக்கு. 1952ல இருபது வயசுல இருந்தவங்களுக்கு இப்ப தொண்ணூறு தாண்டியாச்சு. அவங்ககிட்ட கேக்க இன்னும் எத்தனை பொங்கல் மிச்சம் இருக்குன்னு யோசிங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப கோபுரத்தை போட்டோ எடுங்க, வேணாங்கல. அப்படியே வாய்க்கால் பேரு, தெருப் பேரு, நடவுக்கூலி அன்னைக்கு எத்தனை மரக்கான்னு நாலு பெருசுங்ககிட்ட கேட்டுட்டு வந்து பதிவா போடுங்க மக்களே.

டிஸ்கி: திட்டணும்னா திட்டுங்க. கூடவே உங்க ஊர் வாய்க்கால் பேரையும் சொல்லிட்டுப் போங்க :-)