மண்ணுக்கேற்ற சூடு

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்து ஆட்கள் நாம். இப்போது பேரன்கள் ஆட்டோமேட்டிக் காரில் கால் மைல், அதாவது 402 மீட்டர் பந்தயம் பேசுகிறார்கள். அதில் முக்கியம் டார்க் கன்வர்ட்டர். எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்துவது. பிரேக்கை மிதித்தபடி எஞ்சின் எத்தனை சுற்று வரை ஏறும் என்பது அதைப் பொறுத்தது. சாலை வண்டிக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று போதும். பந்தய வண்டிக்கு 4000, 5000 கூட வைப்பார்கள்.

எண் பெரிதானால் வேகமும் கூடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஞ்சின் எந்தச் சுற்றில் நன்றாக இழுக்கிறதோ, அதற்குப் பொருந்தியதே நல்லது. மீறினால் விசையெல்லாம் எண்ணெய்ச் சூடாகி, கியர்பாக்ஸ் கெடும். பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? சூளையில் சூடு கூடினால் பாண்டம் கோணிவிடும்.

இன்னொன்று: பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டைத் தளம் இருக்கிறது. உளுந்தூர்பேட்டை ரோடு நாம் நடக்கிற ரோடு.