கேட்கும் ஆன்டெனா விலகி நிற்க வேண்டும்

ஒரே இடத்தில் அனுப்பும் ஆன்டெனாவையும் ஏற்கும் ஆன்டெனாவையும் பிரித்து வைப்பதே இரு ஆன்டெனா கொண்ட அமெச்சூர் வானொலி ரிப்பீட்டரின் உயிர்நாடி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் நடுவிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில், 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மலை மறித்துவிடும். உயரத்தில் நிற்கும் ரிப்பீட்டரே அதற்கு வழி. அது ஓர் அலைவரிசையில் கேட்டபடியே, வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் அனுப்புகிறது. 25 வாட் சக்தி வெளியேறும் இடத்திலேயே, ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான குறிப்பலையை அது பிடிக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 80 முதல் 90 டெசிபல் பிரிப்பு தேவை. செங்குத்து ஆன்டெனாவின் நுனித் திசையில் வீச்சு மிகக் குறைவு. ஆகவே, பக்கம் பக்கமாக நிறுத்துவதைவிட ஒரே கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, போதிய இடைவெளி விட்டுப் பொருத்துவது மேல். எஞ்சிய பிரிப்பைக் கேவிட்டி வடிகட்டிகள் தரும். கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ள மாவட்டத்தில்தான் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது; இத்தகைய ஆபத்தில் மெல்லிய குறிப்பலையும் கேட்டாக வேண்டும். ஆகவே, இங்கே ரிப்பீட்டர் அமைப்போர் வாட்டைக் கூட்டுவதற்கு முன் பிரிப்பைச் சரிசெய்ய வேண்டும். உதவி கேட்கும் மெல்லிய குரல் அப்போதுதான் காதில் விழும்.