தேனீ அறியாத வரப்பு

அடுத்தவர் வயலில் தெளித்த மருந்தினால் நம் வயலின் விளைச்சல் குன்றுமோ என வினவுவோர் உளர். சூரியகாந்தியில் கலப்பின விதை விளைவிப்போர்க்கு இஃது ஐயமன்று, அனுபவமாகும்.

மகரந்தம் தராத சூரியகாந்தியைப் பிரெஞ்சு அறிஞர் லெக்லெர்க் 1969-இல் அறிவித்தார். அவ்வழியில் பெங்களூரில் உருவான பி.எஸ்.எச்.-1 என்னும் நம் நாட்டின் முதற் கலப்பினம் 1980-இல் வெளிவந்தது. மகரந்தமற்ற பெண் வரிசைகளுக்கிடையே ஆண் வரிசை நட்டு, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவிற் சேர்ப்பதே இத்தொழிலின் உயிர்நிலை. அம்மகரந்தம் கனத்தது, பிசுபிசுப்புடையது. காற்றை நம்பிப் பயனில்லை. தேன் நாடி இரு வரிசையிலும் அமரும் தேனீயே அதனைக் கொண்டு சேர்க்கும்.

தேனீ குறைந்தவிடத்து, காலை 9 மணி முதல் 11 மணிக்குள், உள்ளங்கையில் மெல்லிய துணி சுற்றி ஆண் பூவையும் பின்னர்ப் பெண் பூவையும் தடவுகின்றனர். பூக்கும் காலம் முழுதும் ஒருநாள் விட்டு ஒருநாள் இது நடைபெறல் வேண்டும். கூலியோ ஏறுகிறது. எக்டேருக்கு 5 தேனீப் பெட்டி வைப்பின் இச்சுமை பெரிதும் குறையும்.

ஆயினும் பெட்டி மட்டும் போதாது. தேனீ வரப்பு அறியாது. சான்று விதைக்குரிய 400 மீட்டர் விலகு தூரத்தையும் கடந்து அது பறக்கும். அண்டைப் பருத்தியிற் பகலில் தெளித்த நஞ்சினால் அது மடிந்தால், தேனீ வளர்ப்போர்க்குப் பெட்டி நட்டம். விதை உழவர்க்குப் பொக்கு மிச்சம்.

பயிரைப் பூச்சிக்குக் கொடுத்துவிடுவதோ எனப் பருத்தி உழவர் கேட்பது நியாயமே. தெளிக்கற்க என நாம் கூறவில்லை; வேளையை மாற்றுக என்றே வேண்டுகிறோம்.

எனவே விதை விளையும் ஊர்ச் சங்கங்கள் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுதல் நலம். ஒன்று, பூக்கும் காலப் பெட்டி வாடகையைச் சங்கமே செலுத்தி, விதை விற்பனைத் தொகையிற் பிடித்துக்கொள்ளல். இரண்டு, மருந்து தெளிப்போர் முன்னாளே அறிவித்து, தேனீ கூடடைந்த மாலையில் தெளித்தல். மறுநாளும் நஞ்சு தங்கும் மருந்துகளைப் பூக்கும் காலத்தில் விலக்கல். மூன்று, விதியை மீறியவரே பெட்டி நட்டத்தை ஈடுசெய்தல்.

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமாய் இயங்குவதை நம்மவர் அறிவர். பெட்டிக்கு ஒரு சங்கம், விதைக்கு ஒரு சங்கம். இவ்விரண்டும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிடத் தடை யாது? அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதனை எழுப்புவார்களாக.