அடுக்குமாடி வீட்டில் காற்றுக்கு வழி எங்கே?

வீட்டுக் கடன் கோரி வரும் வாடிக்கையாளரிடம் நாங்கள் கேட்கும் ஆவணங்களின் பட்டியல் நீளமானது. மூலப்பத்திரம், அங்கீகாரம் பெற்ற வரைபடம், வழக்கறிஞரின் கருத்துரை, பொறியாளரின் மதிப்பீட்டறிக்கை என்று கோப்பு தடித்துக்கொண்டே போகும். இவ்வளவையும் கேட்கும் நாங்கள், அந்த வீட்டின் குளியலறைக் காற்று எவ்வழியே வெளியேறும் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை.

தலைநகர் தில்லியை ஒட்டிய ஒரு கிளையில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், ஜனவரி மாதக் காலையொன்றில் வாடிக்கையாளர் ஒருவர் சிறு தொகையொன்றைக் கூடுதல் கடனாகக் கேட்டு வந்தார். பதினான்காம் மாடியில் அவர் வாங்கிய வீட்டுக்குக் கடன் வழங்கியவர்கள் நாங்களே. குளிக்கச் சென்ற அவருடைய மகள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தள்ளித் திறந்த தாயார், பெண் தரையில் நினைவிழந்து கிடப்பதைக் கண்டார். நல்வேளையாக அன்று தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. எரிவாயு கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தது. குளிர் புகாதிருக்க ஜன்னல் இடுக்குகளை வீட்டார் ஒட்டுநாடாவால் அடைத்திருந்தனர். எக்ஸாஸ்ட் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது காற்றைத் தள்ளிய டக்டின் மேல்வாயை, மழையும் புறாக்களும் வராதிருக்க வேண்டுமென்று, மொட்டைமாடியில் யாரோ பிளாஸ்டிக் தகட்டால் மூடியிருந்தனர். எரிவாயு முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை.

அன்று மாலை அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். எல்லாச் சான்றுகளும் முறையாக இருந்தன.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடம் உயர்மாடிக் கட்டடமாகும். தனி வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தால் தீரும் சிக்கல், இத்தகைய கட்டடத்தில் எளிதில் தீர்வதில்லை. உயரத்தில் காற்றின் வேகம் மிகுதி. குளிர்காலத்தில் யாரும் ஜன்னலைத் திறந்து வைப்பதில்லை. ஒரே டக்டைப் பல மாடிகள் பகிர்ந்துகொள்வதால், கீழ்வீட்டுத் தாளிப்பின் புகை மேல்வீட்டுக் குளியலறையில் வந்து நிற்கிறது. விசிறியின் பின்புறம், காற்று திரும்பி வராமல் தடுக்கும் சிறு மடல் ஒன்றைப் பொருத்தினாலே பாதித் தொல்லை குறையும். அதைக் கேட்டு வாங்குவோர் அரிது.

குளிர்நாடுகளில் கட்டடம் முழுமைக்கும் பொதுவான வெப்பமூட்டும் ஏற்பாட்டைக் கட்டும்போதே அமைத்துவிடுவதுண்டு. தில்லியில் கடுங்குளிர் இரண்டு மாதமே என்பதால், அந்தப் பொறுப்பு வீடு வாங்குபவரின் தலையில் விழுகிறது. சாவியைப் பெற்ற பிறகு அவர் தச்சரையும் மின்பணியாளரையும் அழைத்துச் சுவரில் துளையிடுகிறார். சில வேளைகளில் உத்தரத்திலேயே துளை விழுகிறது. காற்றுக்கும் வெப்பத்துக்கும் உரிய வழிகள் கான்கிரீட் வார்க்கும் முன்னரே முடிவாக வேண்டியவை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இங்கே கணக்குப் படித்தவர்களின் கண்ணுக்குப் படும் செய்தி ஒன்றுண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்ப்பெட் பரப்பைக் கணக்கிடும்போது டக்டுகளின் பரப்பைச் சேர்ப்பதில்லை. பயன்படுத்த முடியாத இடத்துக்கு வாடிக்கையாளர் விலை கொடுக்க வேண்டாம் என்பது நியாயமே. ஆயினும் விலைக்கு வாராத இடத்தை எவ்வளவு குறுக்கலாம் என்ற எண்ணமும் அதனாலேயே சிலருக்கு வருகிறது. எல்லாக் கட்டுநரையும் நாங்கள் குறை கூறவில்லை.

எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, கார்ப்பெட் பரப்பில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. தில்லி போன்ற கலப்புத் தட்பவெப்பப் பகுதிக்கு 12.5 விழுக்காடு, சென்னை, மும்பை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களுக்கு 16.66 விழுக்காடு. 800 சதுர அடி வீட்டுக்குத் தில்லியில் 100 சதுர அடி திறப்பு வேண்டும். நகரும் கண்ணாடி ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதை நினைவில் வைத்து அளந்து பாருங்கள். பால்கனியைக் கண்ணாடியிட்டு மூடி அறையாக்கிக்கொள்வோர், தம் வீட்டின் திறப்பைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

வெப்பமூட்டுவதில் செலவுக் கணக்கும் உண்டு. 2000 வாட் ஹீட்டர் 5 மணி நேரம் எரிந்தால் 10 யூனிட் மின்சாரம் செலவாகும். குளிரும் வெப்பமும் தரும் இருவழி ஏ.சி., வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொணர்வதால், ஏறக்குறைய அதே வெப்பத்தை 3 முதல் 4 யூனிட்டில் தந்துவிடும். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால், ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 50 ரூபாய் அளவில் மிச்சம்; 60 இரவுகளுக்கு 3,000 ரூபாய். ஆனால் இதன் வெளிப்பெட்டிக்குத் தாராளமான இடம் வேண்டும். குறுகிய டக்டுக்குள் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கோடையில் கீழ்ப்பெட்டிகளின் அனல் மேலேறி, மேல்மாடி ஏ.சி.களின் திறனைக் குறைத்து மின்கட்டணத்தைக் கூட்டும்.

ஜன்னலைத் திறந்தால் புகைமூட்டம் அல்லவா வருகிறது என்று தில்லி வாடிக்கையாளர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. ஆனால் இருவர் உறங்கும் மூடிய அறையில் கரியமில வாயு இரவு முழுதும் ஏறிக்கொண்டே போகும். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் தூசியை நீக்குமேயன்றி அந்த வாயுவை நீக்காது. வடிகட்டியுடன் வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் கருவியே இதற்கு ஏற்றது. அதற்கும் வெளிச்சுவரில் ஒரு துளை வேண்டும்.

இனிப் பணம். 75 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 75 விழுக்காடு வரையே நாங்கள் வழங்க இயலும். எஞ்சியதும் பதிவுச் செலவும் சேமிப்பைக் கரைத்துவிட, மிச்சமிருப்பது அலங்கார மேற்கூரைக்கும் மாடுலர் சமையலறைக்கும் போய்விடுகிறது. காற்றோட்ட வேலைக்கு ஒரு தொகையை முதல் மதிப்பீட்டிலேயே எழுதி வையுங்கள் என்று எங்களிடம் வருவோர்க்கு இப்போது கூறி வருகிறோம். வீடு கைக்கு வந்த 5 ஆண்டுகளுக்குள், வேலைத்தரத்திலோ வசதிகளிலோ கட்டுநர் பொறுப்பிலுள்ள குறை தெரியவந்தால், அவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய அவர் கடமைப்பட்டவர் என்கிறது மேற்சொன்ன சட்டம். வாய்மொழிப் புகார் பின்னாளில் உதவாது.

அந்த வாடிக்கையாளர் எரிவாயு கீசரை அகற்றி மின்சார கீசர் பொருத்திக்கொண்டார். குடியிருப்போர் சங்கம் மொட்டைமாடித் தகட்டை எடுத்துவிட்டு வலை கட்டியது. வீட்டைப் பார்வையிடச் செல்லும் பொறியாளர்களை, மொட்டைமாடிக்கும் ஏறி டக்டின் வாயைப் பார்த்துவருமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். படிவத்தில் அதற்கு இடமில்லாததால், ‘பிற குறிப்புகள்’ என்ற பகுதியில் எழுதித் தருகின்றனர்.