நெருப்பில்லாத அடுப்பு

பாபநாசத்தில் தாமிரபரணியின் நீரிலிருந்து 1944இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆற்றங்கரை ஊர்களில் விளக்கும் விசிறியும் வந்தன. ஆட்டுக்கல்லின் இடத்தை மாவரைக்கும் இயந்திரம் பிடித்துக்கொண்டது. இப்போது பல வீடுகளின் அடுக்களையில் மைக்ரோவேவ் அடுப்பும் இடம்பெற்றுவிட்டது. புகையில்லை, தீயில்லை, இரண்டு நிமிஷத்தில் குழம்பு சுடுகிறது. இது நல்ல வசதி என்பதில் ஐயமில்லை.

ஆனால், இந்த அடுப்பை வாங்குபவர் ஒருவர், உபயோகிப்பவர் வேறொருவர் என்பதே பல இல்லங்களின் நிலை. சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளை, வயதான தாய் அடுப்படியில் நின்று வாடக் கூடாதென்று இதை வாங்கி வைத்துவிட்டுப் போகிறான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுக்கிறான். அடுப்பின் குணத்தைச் சொல்லிக் கொடுக்க மறந்துவிடுகிறான். பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் தனியே இருக்கும் பெரியவர்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாடந்தான்.

ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றினால் உருகிப் போகும் என்பது திருநெல்வேலிச் சமையலில் பழகியவர்களுக்குத் தெரியும். ரசத்தை ஊற்றிய பிறகே சொம்பை ஏற்றுவார்கள். அடுப்பு எதுவாயினும் அதற்கென்று பாத்திர முறை ஒன்று உண்டு. மைக்ரோவேவ் அடுப்பையும் வெறுமனே ஓட விடக் கூடாது. உள்ளே உணவு இல்லையென்றால் அலைகள் திரும்பி வந்து இயந்திரத்தையே கெடுத்துவிடும். எவர்சில்வர் கிண்ணம், பித்தளை, வெண்கலம், பார்சல் சுற்றிவந்த அலுமினியத் தாள், தங்க விளிம்பிட்ட பீங்கான் ஆகியவை உள்ளே போனால் பொறி பறக்கும். இந்த அடுப்புக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட கண்ணாடியும் பீங்கானுமே உகந்தவை.

இந்த அடுப்பைக் கண்டு அஞ்சுகிறவர்களும் உண்டு. உணவில் கதிர் தங்கிவிடும், புற்றுநோய் வரும் என்கிறார்கள். அது வீண் பயம். 1945இல் அமெரிக்காவில் ராடார் தொழிலில் இருந்த பெர்சி ஸ்பென்சர் என்பவர் உணவைச் சூடாக்கும் ஆற்றலைக் கண்ட அந்த அலைகள், வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை. உணவிலுள்ள நீரை அவை அதிரச் செய்கின்றன. அதனால் சூடு பிறக்கிறது. அடுப்பை நிறுத்தியதும் அலையும் நின்றுவிடும். உணவில் எதுவும் தங்காது. கதவு கோணியிருந்தாலோ, அதன் ஓரம் பழுதாகியிருந்தாலோ மட்டும் அடுப்பைத் தொடக் கூடாது.

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. அலைகள் உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமே செல்லும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் செல்வதில்லை. ஆகவே சொதியின் ஓரம் கொதிக்கும்போது நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த இடத்தில் கிருமி சாகாது. பாதியில் ஒரு முறை கிளறி, எடுத்த பின் ஓரிரு நிமிஷம் ஆறவிட்டு, முழுவதும் ஆவி பறக்கிறதா என்று பார்த்த பிறகே பரிமாற வேண்டும். குழந்தையின் பாலை இதில் சுடவைப்பது கூடவே கூடாது. பாட்டில் வெளியே ஆறியிருக்கும். உள்ளே ஓரிடம் வாயைப் பொசுக்கும். பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதே நல்லது.

சோற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானச் சோறு இரவு வரை வெளியில் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சுடவைத்தல் வேறு, கெட்டதை நல்லதாக்குதல் வேறு. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப் பெட்டியில் வைத்துவிடுவதே பாதுகாப்பு.

வெறும் தண்ணீரும் இதில் ஏமாற்றும். கொப்புளமே தோன்றாமல் கொதிநிலையைத் தாண்டி நிற்கும். காப்பித் தூளைப் போட்டதும் சீறி எழுந்து கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும். மரக் குச்சி ஒன்றை அதில் இட்டுச் சூடாக்கி, சிறிது பொறுத்து எடுப்பது நலம். முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். அவித்து உரித்த முட்டையும் வெடிப்பதுண்டு. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை முள்ளால் குத்திய பிறகே வைக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் எண்ணெயின்றி இதில் அழகாகப் பொரியும். ஆனால் கண்ணை எடுத்தால் கருகித் தீப்பற்றும். தீப்பற்றினால் கதவைத் திறக்காமல் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. இருந்தும் சூடான சால்னா பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வருவதுண்டு. அதை அப்படியே அடுப்பில் வைப்பது பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சாப்பிடுவதற்கு ஒப்பாகும். நெய்யும் சர்க்கரையும் நிறைந்த அல்வாவோ தண்ணீரைவிட அதிகமாகச் சூடேறும். பிளாஸ்டிக் டப்பாவை இளக்கும், நாக்கையும் சுடும். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிச் சில விநாடிகள் வைத்தால் போதும்.

பழுதானால் வீட்டில் பிரித்துப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தேங்கி நிற்கலாம்.

ஆகவே, விற்பவர்கள் இந்தக் குறிப்புகளைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டு அடுப்போடு கொடுக்க வேண்டும். அதுவரை வாங்கித் தரும் பிள்ளைகளே அந்தப் பொறுப்பை ஏற்கட்டும். பொங்கலுக்கு ஊர் வரும்போது ஒரு மணி நேரம் தாயாருடன் அடுக்களையில் நின்று, எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று செய்து காட்டி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகட்டும். அடுப்பை வாங்கிக் கொடுத்த கடமை அப்போதுதான் நிறைவெய்தும்.